கையொப்பத்துக்குக் கீழே

செனட் ஹவுஸ் முகப்பில் இருக்கும் சிலை யாருடையது என்று, அந்த வழியே முப்பது வருஷம் பஸ்ஸில் ஆபீஸுக்குப் போய்வந்த நான் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. நம் ஊரில் சிலைகள் பார்ப்பதற்காக வைக்கப்படுவதில்லை. பஸ் நிறுத்தங்களுக்குப் பெயர் தருவதற்காக வைக்கப்படுகின்றன. இதற்கு அந்த யோகமும் வாய்க்கவில்லை. அது சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், மயிலாப்பூரின் பழைய மனிதர்கள் மணி ஐயர் என்று சொல்லிவந்தது இவரைத்தான் என்பதெல்லாம், அடையாறில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு ஜெராக்ஸ் பிரதியை என் கையில் திணித்த அன்றுதான் தெரியவந்தது. ஒரு கடிதத்தின் பிரதி. 1917 ஜூன் 24ஆம் தேதி மதராஸிலிருந்து அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்ஸனுக்கு எழுதியது.

ஆபீஸ் பழக்கம், எந்தக் காகிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். கையெழுத்து யாருடையது, என்ன பதவி என்று தெரிந்த பிறகுதான் மேலே இருக்கும் வாசகத்துக்கு என்ன மதிப்பு என்று தெரியும். இந்தக் கடிதத்தில் பெயருக்குக் கீழே ஒரு சிறு ஊர்வலமே போகிறது. கே.சி.ஐ.இ., எல்.எல்.டி.; இந்தியாவின் ஹோம் ரூல் லீகுக்குக் கௌரவத் தலைவர்; 1885இல் காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர்; மதராஸ் ஹைக்கோர்ட்டின் ஓய்வுபெற்ற ஜட்ஜ், பலமுறை தற்காலிகத் தலைமை நீதிபதி. பார்த்ததும் சிரிப்பு வந்தது. கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஏன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மணி ஐயர் 1842இல் மதுரைச் சீமையில் பிறந்தவர். மதுரையிலேயே வக்கீல் தொழில் தொடங்கி, பிறகு மதராஸுக்கு வந்து, 1888இல் அரசாங்க வக்கீலானார். மதராஸ் ஹைக்கோர்ட்டின் முதல் இந்திய ஜட்ஜான முத்துஸ்வாமி ஐயர் 1895இல் காலமானபோது அந்த நாற்காலிக்கு வந்தார். 1907இல் ஓய்வு. மயிலாப்பூர்க் கடற்கரையோரத்தில் வீடு; ஆற்றுக்கு அக்கரையில் தியஸாபிகல் சொஸைடி. அந்த இரண்டுக்கும் நடுவே அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடுகிறது. 1916இல் அன்னி பெஸண்ட் ஹோம் ரூல் லீகை ஆரம்பித்தபோது தலைமைக்கு இவரைத்தான் அழைத்தார். 1917 ஜூன் மத்தியில் கவர்னர் பெண்ட்லண்டின் அரசாங்கம் பெஸண்டையும் அருண்டேலையும் வாடியாவையும் காவலில் வைத்தது. சில நாட்களிலேயே, எழுபத்து நான்கு வயதுக் கிழவர் உட்கார்ந்து அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். யுத்த காலம், தபாலில் போட்டால் போய்ச் சேராது. ஹாட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதி, தியஸாபிகாரர்கள், கையோடு எடுத்துப்போனார்கள். அங்கே அது அச்சாகி அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினர்களிடையே பரவியது. 1918இல் லண்டனுக்கு எட்டி, பார்லிமெண்டில் கேள்வியாக எழுந்தது. இந்தியா மந்திரி மாண்டேகு அதை வெட்கக்கேடான கடிதம் என்றார். எழுதியவர் வகித்த ஸ்தானத்தை நினைக்கும்போது அது இன்னும் மன்னிக்க முடியாதது என்றார். மாண்டேகுவும் என்னைப்போலவே கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர் போலும்.

ஒரு ஜட்ஜ் கடிதம் எழுதலாமா? மாண்டேகுவின் கேள்வி உண்மையில் இவ்வளவுதான். அது அவ்வளவு ஆழமான கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவின் ஆரம்பகால ஜட்ஜுகளே இதைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். 1793இல் பிரான்ஸோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளைப் பற்றி வாஷிங்டன் சார்பில் ஜெபர்ஸன் இருபத்தொன்பது கேள்விகளை வைத்து சுப்ரீம் கோர்ட்டிடம் யோசனை கேட்டார். தலைமை நீதிபதி ஜான் ஜேயும் சகாக்களும் ஆகஸ்டில் பதில் எழுதினார்கள்: வழக்கு என்று ஒன்று எங்கள் முன்னால் வந்தாலொழிய நாங்கள் பேசுவது முறையாகாது என்ற பொருளில். சட்டம் படிக்கிறவர்களுக்கு இன்றுவரை பாடமாக இருக்கும் மறுப்பு. ஆனால் அதே ஜே, அதே வருஷம் ஏப்ரலில், யுத்தத்தில் நடுநிலை வகிக்கும் பிரகடனம் ஒன்றுக்கு நகல் எழுதி ஹாமில்டனுக்குத் தனிக் கடிதத்தில் அனுப்பியிருந்தார். அடுத்த வருஷம், தலைமை நீதிபதியாக இருந்துகொண்டே, தூதராக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அவருக்குப் பின்னால் வந்த ஜான் மார்ஷல், தன் தீர்ப்பு ஒன்றை 1819இல் பத்திரிகைகள் தாக்கியபோது, புனைபெயரில் கட்டுரை எழுதித் தன்னைத்தானே ஆதரித்துக்கொண்டார். அதே கோர்ட்டின் முதல் தலைமுறையைச் சேர்ந்த ஜேம்ஸ் அயர்டெல்லின் கடிதங்களை, அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு இரண்டு பாகங்களாகப் போட்டிருக்கிறார்கள். ஊர் ஊராய் வழக்கு விசாரிக்கப் போகிற அலைச்சல், மனைவிக்கு எழுதிய கவலை, அரசியல், சட்டம் எல்லாம் ஒரே அட்டைக்குள். அங்கி அணிந்தவன் வேறு, கடிதம் எழுதுகிறவன் வேறு என்று பிரிக்க அந்தத் தொகுப்பில் இடமில்லை. ஜட்ஜுகள் கடிதம் எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள். பெயரை மறைத்து எழுதினார்கள், தனிமையில் எழுதினார்கள். மணி ஐயரின் குற்றம், அவர் தன் பெயரையும் பெயருக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு எழுதியதுதான்.

கடிதத்துக்குள் இரண்டு இடங்கள் என்னை விடவில்லை.

முதலாவது, சிறைகளைப் பற்றிய இடம். அந்நியமான ஒரு நாட்டு அதிகாரிகள், அந்நிய மொழியில் பேசிக்கொண்டு, தங்கள் இஷ்டத்தை எங்கள்மேல் திணிக்கிறார்கள், தங்களுக்குத் தாங்களே அளவுக்கு மிஞ்சிய சம்பளம் விதித்துக்கொள்கிறார்கள், எங்களுக்குக் கல்வியை மறுக்கிறார்கள், தேசபக்தியோடு பேசியதற்காக ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையில் தள்ளுகிறார்கள், அந்தச் சிறைகள் எவ்வளவு அசுத்தமானவை என்றால் உள்ளே போனவர்கள் நோய் பிடித்துச் சாகிறார்கள் என்கிறார். இதைச் சொல்கிற மனிதர் பன்னிரண்டு வருஷம் ஹைக்கோர்ட்டில் இருந்தவர். கிரிமினல் அப்பீல்களைக் கேட்டவர். ஒரு தண்டனை ஊர்ஜிதமாகும்போது அந்த ஆள் எங்கே போகிறான் என்பது மற்றவர்களுக்கு ஒரு வாக்கியம். ஜட்ஜுக்கு அது தெரிந்தே ஆகவேண்டிய விஷயம். 1917இல் தெரிந்தது 1900இல் தெரியாதா? அந்த 1900இல்தான் அவருக்கு கே.சி.ஐ.இ. பட்டம் வந்தது.

இப்படிக் கேட்பது சுலபம். கேட்டுவிட்டு ஜெயித்த மாதிரி உட்கார்ந்துகொள்ள எனக்கு யோக்யதை இல்லை. 1976 பிப்ரவரியில், இங்கே மந்திரிசபையைக் கலைத்த அடுத்த வாரங்களில், எங்களோடு கவிதை எழுதிக்கொண்டிருந்த ஒரு பையனை அழைத்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. எந்தச் சிறை என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. லஸ் பக்கம் ஒரு ஹோட்டல் மாடியில் உட்கார்ந்து மனு எழுதினோம். எழுதினோம் என்று பன்மையில் சொல்கிறேன். மனுவின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவன் நான். இரண்டு இடத்தில் வினைச்சொல் தப்பாக இருந்தது. சரிசெய்துவிட்டு, நான் சர்க்கார் சிப்பந்தி, நடத்தை விதிகள் இருக்கின்றன என்று சொல்லிப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன் வேலை இருக்கட்டும்பா" என்றார் ஒருவர், நிஜமான அன்போடு. அந்த அன்பை இத்தனை வருஷமாக என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பையன் அடுத்த வருஷம் வெளியே வந்தான். அப்புறம் கவிதை எழுதவில்லை. நான் ஓய்வுபெற்றதிலிருந்து வருகிற அறிக்கைகளிலெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். பெயருக்குக் கீழே பழைய பதவியைப் போட்டு, பக்கத்தில் 'ஓய்வு' என்று எழுதுகிறேன். அப்படி எழுதினால் அறிக்கைக்குக் கொஞ்சம் கனம் கூடுகிறதாம்.

ஆகவே, காலம் கடந்து சொன்ன உண்மை என்று மணி ஐயரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. இன்னும் ஒருபடி மேலே போய், அந்த நீண்ட கையொப்பத்தையே நான் தப்பாகப் புரிந்துகொண்டு சிரித்தேன் என்று நினைக்கிறேன். அது ஆடம்பரம் இல்லை. சாட்சிக்கூண்டில் ஏறுகிறவனை முதலில் என்ன கேட்கிறார்கள்? பெயர், தகப்பனார் பெயர், தொழில். உனக்கு இந்த விஷயம் எப்படித் தெரியும்? மதராஸிலிருந்து யாரோ ஒரு சுப்பிரமணியம் சிறைகள் அசுத்தம் என்று எழுதினால் வாஷிங்டனில் எவன் பிரித்துப் படிப்பான்? நான் ஜட்ஜாக இருந்தவன், எனக்குத் தெரியும் — இதைத்தான் அந்தக் கையொப்பம் சொல்கிறது. அதில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்கூட அடங்கியிருக்கிறது. தெரியும் என்று சொல்கிறவன், தெரிந்தும் இருந்தேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறான். அளவுக்கு மிஞ்சிய சம்பளம் என்று எழுதிய கை, பென்ஷன் ரசீதில் கையெழுத்திட்ட கைதானே. இதை அவர் உணராமல் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. நாற்பது வருஷம் மற்றவர்களுடைய பேச்சில் இருக்கும் முரண்களைக் கண்டுபிடித்துச் சம்பாதித்தவருக்குத் தன் பேச்சில் இருப்பது தெரியாமலா போகும்?

இரண்டாவது இடம் வேறு மாதிரி. அமெரிக்கா அந்த ஏப்ரலில்தான் யுத்தத்தில் இறங்கியிருந்தது. இந்தியாவுக்குச் சுயாட்சி தருவதாக உடனே வாக்களித்தால், மூன்று மாதத்தில் ஐம்பது லட்சம் பேரைப் போர்முனைக்குத் தருவோம், அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் ஐம்பது லட்சம் பேரைத் தருவோம் என்கிறார் மணி ஐயர். மொத்தம் ஒரு கோடி.

இந்த வரியைப் பலமுறை படித்தேன். அரசியல் பேச்சில் வருகிற பெரிய எண்கள் நமக்குப் பழகியவை. கண் தாண்டிப் போய்விடும். ஆனால் எழுதியவர் யார் என்று கீழே பார்த்ததும் தாண்ட முடியவில்லை. முழு யுத்தத்திலும் இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் 10 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பஞ்சாபில் கிராமம் கிராமமாகப் பிடித்து, கெஞ்சி, மிரட்டிச் சேர்த்தது அது. அவர்களில் 70,000க்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. மதராஸுக்கு யுத்தம் என்றால் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதுதான். அன்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. நமக்கு மிஞ்சியது, 'அவன் ஒரு எம்டன்' என்ற வசவு. அந்த ஊரின் கடற்கரையோரத்து வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனிதர் ஒரு கோடிப் பேரைக் கொடுக்கிறார்.

அவருடைய கோர்ட்டில் எவனாவது வந்து, எனக்காக ஒரு கோடிப் பேர் உயிர்கொடுக்கத் தயார் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? யார் அவர்கள், யாரிடமாவது கேட்டாயா, ஒருவனையாவது இங்கே கூப்பிடு என்று சொல்லியிருப்பார். கேள்விப்பட்டதைச் சாட்சியமாக ஏற்காமல் இருப்பதுதான் அவர் தொழில். எதிர்த்தரப்பைக் கேட்காமல் யாருடைய வேலியையும் ஒரு சாண் நகர்த்தக்கூடாது என்பது அவர் தொழில். சொத்துத் தாவாவில் ஒரு மைனர் பையனின் பங்கு பாதிக்கப்படுகிறது என்றால் அவனுக்குக் கார்டியன் போட்டு, நோட்டீஸ் கொடுத்து, அப்புறம்தான் பேச்சு. அந்தக் கோடிப் பேருக்கு நோட்டீஸ் போகவில்லை.

ஒன்று சொல்லலாம்: இது பேரம், நிஜமான எண்ணிக்கை இல்லை, வில்ஸனின் கவனத்தைப் பிடிக்க வேறு என்ன சரக்கு இருந்தது நம்மிடம்? ஜனநாயகத்துக்காக யுத்தம் செய்கிறோம் என்று உலகத்துக்குச் சொன்ன மனிதரிடம், அந்த ஜனநாயகம் எங்களுக்கும் உண்டா என்று கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை என்பதும் வாஸ்தவம். அடுத்த வருஷம் காந்தியும் கேடாவில் படைக்கு ஆள் சேர்க்கப் போனார் என்பதை ஞாபகப்படுத்துகிறவர்கள் இருப்பார்கள். காந்தி போனது உண்மை. நடந்தே போனார். வரிகொடா இயக்கத்தின்போது கேட்காமலே வண்டி கட்டிக் கொடுத்த கிராமங்கள் இப்போது வண்டி தர மறுத்தன. அஹிம்சை பேசியவர் எப்படி ஆயுதம் எடுக்கச் சொல்கிறார் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். காந்தி செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அந்த அத்தியாயம் இன்றும் நெருடல்தான். ஆனால் அவர் போய்க் கேட்டார். மாட்டேன் என்ற பதில் அவர் காதில் விழுந்தது. பேனாவுக்கு அந்தச் சங்கடம் வருவதில்லை.

என் சங்கடம் இங்கேதான். சிறையைப் பற்றிய வரிக்கும் கோடிப் பேரைப் பற்றிய வரிக்கும் ஜாமீன் நிற்பது ஒரே கையொப்பம். முதல் வரிக்கு அந்தக் கையொப்பம் பாத்யதை உள்ளது. விலை கொடுத்து வாங்கிய பாத்யதை. இரண்டாவது வரிக்கு அதே கனத்தை அது இரவல் தருகிறது. சாட்சியத்தை எடைபோட்டு எடைபோட்டுச் சேர்த்த நம்பகத்தன்மை, எடைபோடப்படாத ஒன்றின்மேல் முத்திரையாக விழுகிறது. படிக்கிறவன் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைப்பான். இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நான் வருத்தப்படமாட்டேன்.

மற்றதை எல்லோரும் மெச்சுவார்கள், நானும் மெச்சுகிறேன். 1917 டிசம்பரில் மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்போர்டும் மதராஸுக்கு வந்திருந்தபோது கிழவரைக் கூப்பிட்டார்கள். வைஸ்ராய் எடுத்த எடுப்பிலேயே, கோபம் தொனிக்க, அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் பேசினார் என்று மணி ஐயரே பிறகு எழுதியிருக்கிறார். 1918இல் பார்லிமெண்டில் மாண்டேகு பேசியது இங்கே வந்து சேர்ந்ததும், கே.சி.ஐ.இ.யையும் திவான் பகதூரையும் துறந்துவிட்டார். தாகூர் தன் 'சர்' பட்டத்தை அதே செம்ஸ்போர்டுக்குத் திருப்பி எழுதியது அதற்கு அடுத்த வருஷம், 1919 மே கடைசியில். தாகூரின் கடிதம் பள்ளிக்கூடப் புத்தகங்கள் வரை வந்துவிட்டது. மணி ஐயரின் கடிதம் வரவில்லை. எழுத்தாக வைத்துப் பார்த்தால் அதில் அநியாயம் இல்லை. தாகூர் எழுதியதில் அவமானம் ஒரு உணர்வாக இருக்கிறது, படிக்கிறவனையும் தொடுகிறது. மணி ஐயர் எழுதியதில் அது வாதமாக இருக்கிறது: இந்தத் தேதியில் இப்படி நடந்தது, இன்னார் இப்படிச் சொன்னார், ஆகையால் இப்படி. ஐந்தரை மணிக்கு மேல் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பது போன்ற களைப்பு வருகிறது. எனக்கென்னவோ அந்த வறண்ட நடையில்தான் மனிதர் தன் இயல்பில் இருக்கிறார் என்று தோன்றுகிறது. வில்ஸனுக்கு எழுதியதில் இல்லாத நிதானம் அதில் இருக்கிறது.

பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார், சரி. பட்டம் அவருடையது, கொடுக்கலாம். கோடிப் பேரைத் திரும்ப வாங்கிக்கொண்டாரா? மாண்டேகு அதைக் கேட்கவில்லை. அவருக்கு அது உறுத்தவும் இல்லை. ஆள் எவ்வளவு கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லாத சர்க்கார். இந்தப் பக்கம் ஹோம் ரூல்காரர்களும் கேட்கவில்லை. எழுதியவரின் ஸ்தானத்தைப் பற்றிய சண்டையில் ஆட்களைப் பற்றிய வரி யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது. 2015இல் நம் எழுத்தாளர்கள் பலர் அகாதெமி விருதுகளைத் திருப்பிக் கொடுத்தபோதும் ஏறக்குறைய இதே மாதிரி ஆயிற்று. திருப்பலாமா, பணத்தையும் சேர்த்தா, கேடயத்தை மட்டுமா என்று மாசக்கணக்கில் பேசினோம். எதற்காகத் திருப்பினார்களோ அந்தச் சாவைப் பற்றிப் பேசியது முதல் வாரத்தில் மட்டும்தான்.

மணி ஐயர் 1924 டிசம்பரில் காலமானார். போன மாசம் ஒரு சாயங்காலம் செனட் ஹவுஸ் பக்கம் போய் வேலிக்கு வெளியே நின்று சிலையைப் பார்த்துவிட்டு வந்தேன். என்னத்தைப் பார்த்தேன் என்று கேட்டால் பதில் இல்லை.

திரும்பி வந்த மறுநாள் ஒரு அறிக்கை வந்தது, கையெழுத்துக்கு. விஷயம் நியாயமானது; இங்கே அதைச் சொல்ல வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்தில் என் பெயரை அவர்களே போட்டு, கீழே பழைய பதவியையும் போட்டு வைத்திருந்தார்கள். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் பக்கத்தில், தமிழ் மக்கள் அனைவரின் சார்பாகவும் என்று ஒரு வரி. அனுப்பிய இளைஞரைப் போனில் கூப்பிட்டு, அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"அதை எடுத்துட்டா அப்புறம் என்ன சார் இருக்கு?" என்றார்.

"எத்தனை பேர் கையெழுத்துப் போடறோம்?"

"உங்களோட சேர்த்துப் பதினொண்ணு."

"பதினொரு பேர்னு போடுங்களேன்."

மற்றவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தார். இன்னும் சொல்லவில்லை.